குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கலப்பு ஊடக ஓவியம் செய்வது எப்படி: தும்பு ஊறவைப்பதிலிருந்து கண்காட்சிக்குக் கட்டி அனுப்புவது வரை

ஏழு வருடத்துக்கு முன் நான் செய்த முதல் கலப்பு ஊடக ஓவியம் ஒரு ஆடிச் சாரலைக்கூடத் தாங்கவில்லை. சாதாரணப் பிளைவுட், அதன்மேல் எண்ணெய் வண்ணம், அது காய்வதற்குள் அக்ரிலிக், அதற்கும் மேல் தேங்காய்த் தும்பு. எல்லாவற்றையும் பிடித்துவைக்க, மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை. வைகாசியில் முடித்துச் சுவரில் மாட்டினேன். ஆவணி பிறப்பதற்குள் அக்ரிலிக் அப்பளம்போல எழும்பி நின்றது. தும்பைச் சுற்றிப் பழுப்புக் கறை. பலகையின் பின்புறம் முழுக்கப் பூஞ்சை.

வரைந்த விதத்தில் எனக்கு இன்றும் குறை தெரியவில்லை. எந்தப் பொருள் எதன்மேல் நிற்கும், நம் ஊர்க் காற்றில் அது என்ன ஆகும் என்பது தெரியாமல் செய்துவிட்டேன். தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டுமே நன்றாகப் பெய்கிற மாவட்டம் இது. வருடத்தில் பாதி நாள் காற்றில் ஈரம், கரையோரமென்றால் உப்பும் சேரும். வறண்ட ஊரில் இருப்பவர்கள் சொல்லும் செய்முறையை அப்படியே எடுத்தால் இங்கே சரிவராது. இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக, நான் செய்யும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

கலப்பு ஊடகம் என்பது

ஒரே ஓவியத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை வண்ணமோ பொருளோ சேர்ந்தால் அது கலப்பு ஊடகம். கரியும் நீர்வண்ணமும் சேர்ந்தாலும் அதுதான், துணியும் கயிறும் காகிதமும் சேர்ந்தாலும் அதுதான். 1912இல் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாக விளிம்பைச் சுற்றி நிஜக் கயிற்றையே வைத்தார். ஓவியக் கலையில் அது பெரிய திருப்பம். ஆனால் பொருளோடு பொருளைச் சேர்த்து மூன்றாவதாக ஒன்றைக் காட்டும் கண் நம் ஊருக்கும் பழசு. தோவாளையில் மாணிக்கமாலை கட்டுகிறவர்களின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை, இவ்வளவுதான். ஒவ்வொன்றையும் மடித்து அடுக்கும்போது கல் பதித்த நகைபோல ஆகிவிடுகிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரை சுண்ணாம்பும் சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்தது என்று வழிவழியாகச் சொல்வார்கள். இன்றைக்கும் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கிறது.

முதல் பதினைந்து நாள்: எதையும் வாங்காமல் சேகரிப்பது

கடைக்குப் போய்ப் பத்து வகை மீடியம் (வண்ணத்தைக் குழைக்கவும் ஒட்டவும் உதவும் திரவம்) வாங்கிவைத்துவிட்டுத் தொடங்குகிறவர்கள் அந்தப் புட்டிகளுக்குத்தான் வேலை தேடுவார்கள். முதலில் உங்கள் வீட்டையும் வீட்டைச் சுற்றியும் பாருங்கள். தினமும் கை படுகிற பொருள் எது, அதில் எது உங்களுக்கு ஏதாவது சொல்கிறது?

எனக்கு அது தும்பாக இருந்தது. எங்கள் சித்தி காயலில், அதாவது கடலோர உப்பங்கழியில், தொண்டு (தேங்காய் மட்டை) அழுகப்போட்டு, அடித்து, கயிறு திரித்தவர். அந்தக் காயல் தண்ணீரின் நாற்றமும் அவர் கைரேகையில் ஏறியிருந்த பழுப்பும் என் ஞாபகத்தில் இருந்ததால்தான் தும்பு படத்துக்குள் வந்தது. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்காரர் என்றால் ரப்பரும் செம்மண்ணும் இருக்கும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் பழைய வலை. மயிலாடியில் சிற்பக்கூடத்துத் தரையில் குவிந்து கிடக்கும் கல்தூள். இதில் ஏதாவது ஒன்றோ இரண்டோ போதும். எல்லாவற்றையும் ஒரே படத்தில் திணித்தால் அது மாவட்டப் பொருட்காட்சி ஆகிவிடும்.

வலையைப் பற்றி ஒன்று. அதைக் கேட்டு வாங்குங்கள், யாருடையது, எந்த மீனுக்கு வீசியது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் கொண்டுபோன ஆட்களின் வீடுகள் அந்தக் கரையெங்கும் இருக்கின்றன. வலையைப் படத்துக்கு ஒரு அழகாக மட்டும் பார்க்கிறவர் அதை எடுக்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

இன்னொரு எச்சரிக்கை. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பும் சிவப்புமான மணலைப் பார்த்தால் யாருக்கும் அள்ளத்தான் தோன்றும். வேண்டாம். அதில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட்டோடு மோனசைட்டும் கலந்திருக்கிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு, கதிரியக்கம் உள்ளது, சட்டப்படியும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அந்த மணலில் பெரும்பங்கு கறுப்பு இல்மனைட். அதிலிருந்து எடுக்கிற டைட்டானியம் டையாக்சைடுதான் நீங்கள் குழாயிலிருந்து பிதுக்குகிற டைட்டானியம் வெள்ளை. நம் கடற்கரைக் கறுப்பு உங்கள் தட்டில் ஏற்கெனவே வெள்ளையாக இருக்கிறது. அது போதும்.

சோதனை அட்டைகள்

நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இதைச் செய்யாமல் பெரிய பலகையைத் தொட விடமாட்டேன். நாலு அங்குலச் சதுரத்தில் முப்பது அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்வி: தும்பின்மேல் அக்ரிலிக் பிடிக்குமா? செம்மண் வண்ணத்தின்மேல் கரி நிற்குமா? நீர்வண்ணத்தின்மேல் மெழுகு? பின்புறம் பென்சிலால் தேதியும் பொருளும் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு செய்து ஒன்றை மேற்கு ஜன்னலில் வெயில் படும்படியும் இன்னொன்றை அடுக்களைப் பக்கம் ஈரமான இடத்திலும் வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். முடிந்தால் இடையில் ஒரு மழைக்காலம் வரட்டும்.

நிறங்களைப் பற்றிய என் அட்டைகள் சொன்னது இது. மஞ்சள்தூள் சில வாரத்திலேயே வெளுத்துப்போனது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் வரும் ஆரத்திச் சிவப்பு கண்ணைப் பறிக்கும், ஆனால் அதுவும் நிற்காது. பூச்சாறு எதுவும் நிற்காது. செம்மண் மட்டும் வைத்த நிறத்திலேயே இருக்கிறது. செம்மண்ணின் நிறம் இரும்பு ஆக்சைடு என்பதால் வெயில் அதை ஒன்றும் செய்யாது.

செம்மண்ணை வண்ணமாக்குவது சுலபம். வீட்டு அஸ்திவாரமோ கிணறோ தோண்டும்போது வந்த மண்ணை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, அரை நிமிடம் விட்டு, மேலே நிற்கும் சிவப்புத் தண்ணீரை மட்டும் வேறு வாளிக்கு ஊற்றுங்கள். அடியில் தங்கிய மணலைக் கொட்டிவிடலாம். ஊற்றிய தண்ணீரை ஒருநாள் தெளியவிட்டு, தண்ணீரை வடித்து, சேற்றைக் காயவைத்து நன்றாக அரையுங்கள். இதையே இரண்டு மூன்று தடவை செய்தால் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி வரும். அரைக்கிற அம்மியைத் திரும்பச் சமையலுக்கு எடுக்கக்கூடாது. அக்ரிலிக் மீடியத்தில் குழைத்தால் பலகைக்கு ஆகும், கருவேலம் பிசினில் குழைத்தால் தாளுக்கு ஆகும்.

பலகை தயார் செய்தல்

தும்பும் துணியும் வலையும் ஏறப்போகிற படத்துக்குக் கேன்வாஸ் எனக்கு ஒத்துவரவில்லை. கேன்வாஸ் ஈரத்துக்குத் தளரும், வெயிலுக்கு இறுகும். அதோடு சேர்ந்து மேலே ஒட்டியது நகராது, அதனால் வெடிக்கும். மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்) என்று கேட்டு வாங்குங்கள், 12 மில்லிமீட்டர் போதும். ஆசாரியிடம் கொடுத்துப் பின்னால் ஒரு சட்டம் அடித்துக்கொண்டால் வளையாது.

அப்புறம் உப்புத்தாள் போட்டுத் துடைத்து, முன்பக்கம், பின்பக்கம், நாலு விளிம்பு என்று எல்லா இடத்திலும் அக்ரிலிக் மீடியமோ நல்ல சீலரோ இரண்டு கை பூசுங்கள். பெரும்பாலோர் முன்பக்கம் மட்டும் பூசுவார்கள். ஈரம் பின்பக்கத்திலிருந்தும் விளிம்பிலிருந்தும்தான் ஏறும். என் முதல் படம் செத்தது அப்படித்தான். பிறகு முன்பக்கத்துக்கு ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிப்பதற்காக அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) மூன்று கை, ஒவ்வொன்றும் முந்தியதற்குக் குறுக்காக. சாரல் நாளில் ஒரு கை காய ஒருநாள் முழுக்க விடுங்கள். தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் உள்ளே ஈரம் இருக்கிறது.

தாளில் செய்வதென்றால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளுக்குக் கீழே போகாதீர்கள்.

எது கீழே, எது மேலே

கலப்பு ஊடகத்தில் தவறு நடப்பதெல்லாம் இங்கேதான். நீரில் கரைகிறவை கீழே, எண்ணெயில் கரைகிறவை மேலே. அக்ரிலிக் நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் எண்ணெய் வண்ணம் போடலாம். எண்ணெயின்மேல் அக்ரிலிக் போடவே கூடாது. அக்ரிலிக் தண்ணீர் வற்றிச் சட்டென்று காயும், எண்ணெய் காற்றோடு சேர்ந்து மாதக்கணக்கில் மெல்ல இறுகும். கீழே இருப்பது இன்னும் அசைந்துகொண்டிருக்கும்போது மேலே இருப்பது விறைத்துவிட்டால் உரியத்தான் செய்யும்.

கரியும் சாக் பாஸ்டலும் வைத்தால் ஃபிக்ஸேட்டிவ் (தூள் உதிராமல் பிடித்துவைக்கும் தெளிப்பு) அடித்து நிறுத்தாமல் அடுத்த அடுக்குக்குப் போகாதீர்கள், இல்லையென்றால் வெள்ளை எல்லாம் சாம்பலாகும். மெழுகின்மேல் எதுவும் பிடிக்காது. மார்த்தாண்டம் பக்கம் நல்ல தேன்மெழுகு கிடைக்கும், ஆசையாக இருக்கும். அதைக் கடைசி அடுக்காக மட்டும் வையுங்கள். அந்தப் படத்தை வெயில் படும் சுவரில் மாட்டவும் வேண்டாம்.

தும்பு, வலை, நிலப் பத்திரம்: சேர்க்கும் விதம்

காயலில் அழுகிய தொண்டின் தும்பில் உப்பும் பழுப்புச் சாறும் இருக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், சாறு ஜெஸ்ஸோவில் கசியும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுங்கள். எனக்கு நாலு நாள் ஆனது. தண்ணீர் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்திலிருந்து தெளிந்து வரும்வரை விடக்கூடாது. உலர்த்தி, மேட் மீடியத்தில் (பளபளப்பில்லாத அக்ரிலிக் மீடியம்) முக்கிப் பிழிந்து, மெழுகுத்தாளின்மேல் பரப்பிக் காயவையுங்கள். அதன்பிறகுதான் பலகைக்குப் போக வேண்டும். ஒட்டுவதற்குக் கட்டியான அக்ரிலிக் ஜெல் மீடியம். வெள்ளைப் பசையைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஈரம் பட்டால் அது இளகும்.

வலையை ஒட்டாதீர்கள். நைலானிலும் பிளாஸ்டிக்கிலும் பசை பிடிக்காது. பலகையில் சின்னச் சின்னத் துளை போட்டு நைலான் நரம்பால் தைத்துவிடுங்கள். வலை பின்னுகிறவர்களிடம் அவர்களுடைய முடிச்சைக் கற்றுக்கொண்டு அதே முடிச்சில் தைத்தபோது படமே மாறிப்போனதை நான் பார்த்தேன்.

மெல்லிய காகிதத்துக்கு மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மாவுப் பசை நல்லது, சுருங்காமல் உட்காரும். பூச்சிக்குப் புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் துளி மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கிராம்பெண்ணெய் இரண்டு சொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பசையையும் அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள்.

பத்திரத்துக்கு வருகிறேன். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முந்திய திருவிதாங்கூர்க் காலத்து நிலப் பத்திரங்கள் பல வீடுகளில் மலையாள எழுத்தில் இருக்கும். எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியிலும் ஒன்று இருந்தது. அப்பாவுக்கு அதை வாசிக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. என் வீட்டைப் பற்றிய எழுத்து, எனக்கு வெறும் கோடு. அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் நான் ஒன்பது படம் செய்தேன்.

மூலப் பத்திரத்தைத் தொடாதீர்கள். லேசர் நகல் எடுங்கள், இங்க்ஜெட் என்றால் கரைந்துவிடும். பெயர், சர்வே எண்ணை மறைத்துவிடுங்கள். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி விழும் என்பதால் நகலெடுக்கும்போதே திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். பலகையில் ஜெல் மீடியத்தைச் சீராகப் பூசி, நகலை அச்சுப்பக்கம் கீழே இருக்கும்படி படியவைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே தேயுங்கள். ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பஞ்சால் நனைத்து விரல் நுனியால் மெல்ல உருட்டினால் காகிதம் திரிதிரியாக வரும், எழுத்து மீடியத்திலேயே தங்கிவிடும். காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்திருந்தால் காகித நார் மிச்சம் இருக்கிறது. மறுபடி நனைத்து உருட்டுங்கள். அவசரப்பட்டு நகம் போட்டால் எழுத்தும் கூடவே வரும். ஒரு தாளுக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு எழுத்து உடைந்து பாதி மட்டும் நின்றால் அதை நான் சரிசெய்வதில்லை.

ரப்பர் பால்

தாளில் வண்ணம் ஏறாமல் சில இடங்களை மறைத்துவைக்க, கடையில் மாஸ்கிங் ஃப்ளூயிட் என்று சின்னப் புட்டியில் விற்பது பெரும்பாலும் அம்மோனியா சேர்த்த ரப்பர் பால்தான். கீரிப்பாறையிலோ குலசேகரத்திலோ இருப்பவருக்கு அது கொல்லையிலேயே ஒழுகுகிறது.

பொழுது வெளுப்பதற்கு முன் போங்கள். மரத்தில் பால் நன்றாக ஓடுவது அப்போதுதான், அதனால்தான் வெட்டு அந்நேரத்தில் நடக்கிறது. சாய்வாகப் போட்ட வெட்டின் வழியாகப் பால் வழிந்து மரத்தில் கட்டிய சிரட்டையில் சொட்டும். வெட்டுக்கார அண்ணனிடம் கேட்டு அரை டம்ளர் வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சில மணி நேரத்தில் திரண்டுவிடும் என்பதால் அன்றைக்கே வேலை முடிய வேண்டும்.

தாளில் எங்கே வெள்ளை தங்க வேண்டுமோ அங்கே பாலால் வரையுங்கள். பிரஷ்ஷை முதலில் சோப்பில் நனைத்துக்கொள்ளாவிட்டால் பிரஷ் போய்விடும். நான் ஈர்க்கிலைத்தான் பயன்படுத்துகிறேன், கோடு மெல்லிசாக வரும். வெள்ளையாக வைத்த கோடு காயக் காயக் கண்ணாடிபோல் மங்கி இளமஞ்சளாகும். அப்போது மேலே நீர்வண்ணமோ செம்மண் கரைசலோ ஓடவிடுங்கள். அது காய்ந்ததும் விரலால் தேய்த்தால் ரப்பர் சுருண்டு வரும், கீழே தாளின் வெள்ளை அப்படியே இருக்கும். அந்தச் சுருளைப் பார்த்துவிட்டு எனக்குப் பால் தந்த அண்ணன், "ஒட்டுப்பால் மாதிரியே இருக்கே" என்றார். அவர் தினமும் வெட்டில் காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்தெடுப்பதும் இதே அசைவில்தான்.

ஒரு நாளுக்கு மேல் தாளில் விடாதீர்கள், சூட்டில் இறுகித் தாளையும் பிய்த்துக்கொண்டு வரும். பசை ஏற்றாத மெத்தென்ற கைத்தாளுக்கு இது ஆகாது. ரப்பரையே நிரந்தர அடுக்காகப் படத்தில் விடுவதும் வேண்டாம். 1960களில் ஈவா ஹெஸ் என்ற சிற்பி ரப்பர் பாலில் செய்த படைப்புகள் கறுத்து, விறைத்து, சில காட்சிக்கு வைக்கவே முடியாத நிலைக்குப் போய்விட்டன. அருங்காட்சியகத்தில் வைத்தே அந்தக் கதி என்றால் நம் வீட்டுச் சுவரில் யோசித்துப் பாருங்கள்.

எப்போது நிறுத்துவது

படத்தை ஒரு வாரம் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். திருப்பிப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது பொருளா, படமா? "அட, தும்பு" என்று மட்டும் தோன்றினால் தும்பைக் குறைக்க வேண்டும். நான் பெரும்பாலும் ஒட்டியதில் மூன்றில் ஒரு பங்கைப் பிய்த்தெடுத்து விடுகிறேன். பிய்த்த தடம் சில நேரம் பொருளைவிட நன்றாகப் பேசும்.

மழையிலிருந்து காப்பது

தரையில் படுக்கவைக்காமல் நிறுத்திவையுங்கள், கீழே இரண்டு ரீப்பர் கட்டை கொடுங்கள். மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள், சாரல் அடித்து ஊறும் சுவர் அது. வேறு சுவரிலும் படத்தின் பின்னால் நாலு மூலையில் தக்கைத் துண்டு ஒட்டி விரலிடைக் காற்று விடுங்கள். கரையோரத்தில் இரும்பு ஆணியும் ஸ்டேப்பிளும் துருவை உள்ளே கசியவிடும். பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

வெளியே கொண்டுபோவது

ஒரு படத்தை வைத்து யாரும் உங்களைத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரே கேள்வியைச் சுற்றி எட்டோ பத்தோ செய்யுங்கள். பகலில், வாசல் நிழலில் வைத்துப் படமெடுங்கள். ஒன்று நேராக, இன்னொன்று பக்கவாட்டு வெளிச்சத்தில். கலப்பு ஊடகத்தில் மேடு பள்ளம் தெரியாத புகைப்படத்தால் பயன் இல்லை. படைப்பைப் பற்றிய குறிப்பை முதலில் தமிழில் நூறு வார்த்தைக்குள் எழுதி, பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். நேரே ஆங்கிலத்தில் எழுதினால் யாரோ எழுதியது மாதிரி வந்துவிடுகிறது.

நமக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பக்கம், கொச்சியும் ரயிலில் போய்வரும் தூரம்தான். 2012இல் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி நடக்கும்போது ஒருமுறையாவது போய்ப் பொருட்களை எப்படிக் கையாள்கிறார்கள் என்று கிட்ட நின்று பாருங்கள். மத்திய அரசின் நுண்கலை அமைப்பான லலித் கலா அகாடமிக்குச் சென்னையில் மண்டல மையம் இருக்கிறது, அதன் தேசியக் கண்காட்சி அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருங்கள். வருமானம் உடனே வராது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவர்களே பாத்திக் (மெழுகு வைத்துச் சாயம் ஏற்றிய துணி) போன்ற கைவினைகளை விற்றுத்தான் ஓவியத்தைக் காப்பாற்றினார்கள். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். விலை வைக்கும்போது பொருட்செலவு, சட்டம், போக்குவரத்து மூன்றையும் தனியாக எழுதிவிட்டு, மிச்சத்துக்குச் சதுர அங்குலக் கணக்கு வையுங்கள். தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை வேண்டாம்.

அனுப்புவதற்கு முன் பலகையின் பின்புறத்தில் தலைப்பு, வருடம், அளவு, உள்ளே இருக்கும் எல்லாப் பொருளும் எந்த வரிசையில் ஏறின என்று பென்சிலால் எழுதுங்கள். நாளைக்கு யாராவது பழுதுபார்க்க நேர்ந்தால் அந்தக் குறிப்புதான் உதவும். பபிள் கவரை நேரே படத்தின்மேல் சுற்றாதீர்கள். லாரி சூட்டில் அக்ரிலிக் இளகி வட்டம் வட்டமாக அச்சு விழுந்துவிடும். முதலில் மெழுகுத்தாளோ கிளாசின் தாளோ (வழுவழுப்பான மெல்லிய தாள்), அப்புறம் துணி, அதன்பிறகு பபிள் கவர், குமிழ் வெளிப்பக்கம் பார்த்தபடி. தும்பு எழும்பி நிற்கிற படமென்றால் நாலு மூலையிலும் தெர்மோகோல் கட்டை வைத்து முகத்தில் எதுவும் படாமல் பெட்டிக்குள் நிறுத்துங்கள். பெட்டியில் "இந்தப் பக்கம் மேலே" என்று தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, நாலு பக்கமும் ஒட்டிவிடுங்கள்.